சனிக்கிழமை பார்த்த புல்

"என் பேரு எங்க இருக்கு டீச்சர்?"

இசக்கியப்பன் இப்படிக் கேட்டபோது வேதநாயகி டீச்சர் காய்ந்த புல் ஒன்றைத் தாளில் பரப்பி நீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க இருக்கணும் அண்ணாச்சி?"

"ஏதாவது ஒரு புல்லுக்குப் பின்னால."

டீச்சர் தாளில் கிடந்த புல்லை மெல்லத் தூக்கி அதன் பின்பக்கம் பார்த்தார்.

"இங்க இல்லையே."

பிறகு பழையபடி நீவ ஆரம்பித்துவிட்டார்.

இசக்கியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. கேலியா, பதிலா என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த அம்மாளிடம் அவர் வாங்கிய பதில்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

மலையடிவாரத்தில் இருந்த பழைய தாவரச் சேகரிப்பு நிலையம் அது. ஹெர்பேரியம் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். உள்ளே இரும்பு அலமாரிகள், அந்துருண்டை வாசம், தாள்களில் ஒட்டிக் காயவைத்த செடிகள். பன்னிரண்டு அலமாரி நிறையப் புல் மட்டும்.

டீச்சருக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தைந்து. பஞ்சாலையை மூடியதும் தாளில் செடி ஒட்டும் வேலைக்கு வந்தவர் இசக்கியப்பன். ஒட்டினார். பிறகு ஒட்டுவது என்ன என்று கேட்டார். டீச்சர் சொல்லிக்கொடுத்தார். நாலைந்து வருஷத்தில், வெளியூர்ப் பேராசிரியர்கள் புல்லோடு வந்து நின்றால், "அண்ணாச்சிகிட்டக் காட்டுங்க" என்று டீச்சரே அனுப்பும் அளவுக்குத் தேறிவிட்டார்.

இருந்து என்ன? பேர் இல்லை.

ஒரு செடியைப் புது இனம் என்று கண்டுபிடித்து அச்சில் போட்டால், அதன் பெயருக்குப் பின்னால் பேர் வைத்தவன் பெயரும் ஒட்டிக்கொள்ளும். உலகம் உள்ளவரை அது போகாது. இசக்கியப்பன் கேட்டது அதைத்தான். சும்மா கேட்கவில்லை. அந்த வாரம் மரியசெல்வத்துக்கு அது கிடைக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு கேட்டார்.

மரியசெல்வம் யார்? பதினொரு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவன். வெயிலில் அலைந்து செடி பிடுங்கிக்கொண்டு வருகிற வேலை அவனுக்கு. முதல் நாள் புல்லையும் கோரையையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றவன். இசக்கியப்பன்தான், தண்டை உருட்டிப் பார்க்கச் சொல்லி, உருள்வது புல், முனை தட்டுவது கோரை என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார்.

அவனுக்குத்தான் யோகம் அடித்தது.

உப்பளத்துப் பக்கம் ஒரு மேட்டில் அவன் ஒரு புல்லைக் கண்டான். அருகம்புல்லுக்குத் தம்பி மாதிரி இருந்தது. ஆனால் அருகு தரையில் ஓடும், இது ஓடவில்லை. குட்டையாக, கொத்துக் கொத்தாக, கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளியே இல்லாமல் நின்றது. அருகின் கதிர் நாலைந்து விரலாகப் பிரியும். இதில் இரண்டே விரல்.

அருகம்புல் சேர்ந்த சைனோடான் பேரினத்தில் ஒரு புது இனம் என்று எழுதினான். டீச்சர் மறுக்கவில்லை. சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து ஆள் வந்து கைகொடுத்தார்கள். இசக்கியப்பனும் கொடுத்தார்.

"நல்லா இருலே செல்வம்" என்றார்.

வயிறு பற்றி எரிந்தது. அவரே பின்னால் ஒப்புக்கொண்ட விஷயம் என்பதால் நாம் மூடி மறைக்க ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அவன் சிரித்தால் இவருக்குச் சோறு இறங்கவில்லை. அவன் இருமினால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டீச்சரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்றான பிறகு அவர் வேறு வழி பார்த்தார்.

சனிக்கிழமை மத்தியானத்தோடு எல்லோரும் போய்விடுவார்கள். இசக்கியப்பன் போகவில்லை. அலமாரியைத் திறந்து மரியசெல்வத்தின் தாளை எடுத்தார்.

எதற்கு எடுத்தார்? குறை கண்டுபிடிக்கத்தான்.

மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார். கதிரைப் பார்த்தார். சிறு பூவைப் பார்த்தார். உமியின் நரம்பை எண்ணினார். பூவில் அருகுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பிறகு ஒரு சொட்டு வெந்நீர் விட்டு, இலை தண்டைச் சுற்றி மூடியிருக்கும் உறையை ஊசியால் மெதுவாகப் பிரித்தார். அந்த இடத்தை அவசரக்காரன் எவனும் பார்க்க மாட்டான்.

உள்ளே இருந்தது விஷயம்.

வெள்ளை வெள்ளையாகத் துகள்கள். லென்ஸைத் திருப்பிக் கூர்மையாக்கினார். துகள்கள் அல்ல, காய்ந்து சுருண்ட சிலந்திப்பேன்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு. இது பிடித்தால் அருகம்புல் ஓடாது. கணு சுருங்கி, இலை நெருங்கி, கொத்தாக நின்றுவிடும். ஒன்றிரண்டு கதிர் வந்தாலும் அரைகுறையாக வரும்.

புது இனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நோய் பிடித்த அருகம்புல். வாசலில், வாய்க்கால் ஓரத்தில், பிள்ளையார் கோவில் மாலையில், பாதி உலகத்தில் கிடக்கிற அதே புல்.

இசக்கியப்பன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது.

இப்போது அந்த இடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு தாளை எடுத்துப் பார்த்தவர், தாம் கண்டதைச் சிறு சீட்டில் எழுதி, பேரும் பார்த்த தேதியும் போட்டு அதே தாளில் ஒட்டிவிட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சீட்டைக் கிழிக்கக் கூடாது. தப்பாகச் சொன்னவர் சீட்டும் இருக்கும். திருத்தியவர் சீட்டும் பக்கத்தில் இருக்கும். பார்த்துவிட்டுச் சீட்டு வைக்காமல் போவது டீச்சர் கணக்கில் திருட்டு.

இசக்கியப்பன் சீட்டை எடுத்தார். பேனாவையும் எடுத்தார்.

எழுதவில்லை.

இப்போது எழுதினால் மரியசெல்வம் தப்பித்துக்கொள்வான். "நல்லவேளைண்ணே" என்பான். விஷயம் நாலு சுவருக்குள் முடிந்துவிடும்.

அச்சில் வரட்டும். நாலு ஊர் படிக்கட்டும். ஒரு வருஷம் போகட்டும். அப்புறம் இவர் எழுதுவார்: இது புது இனமல்ல, அருகு. அதுவும் அச்சில் வரும். இந்தப் புல்லைப் பற்றி இனி யார் எழுதினாலும், ஏமாந்தவன் பேரும் வரும், கண்டுபிடித்தவர் பேரும் வரும். பத்தொன்பது வருஷத்தில் கிடைக்காதது அப்படியாவது கிடைக்கட்டுமே.

தாளை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் கூப்பிட்டார். மேஜைமேல் அதே தாள்.

"செல்வத்தோட கட்டுரைய இன்னைக்கு அனுப்பணும் அண்ணாச்சி. நீங்க இந்தப் புல்லப் பாத்தீங்களா?"

"இல்ல டீச்சர்."

"பாக்கலயா?"

"செல்வம் பாத்தா சரியாத்தான இருக்கும். நான் வேற எதுக்கு?"

டீச்சர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். லென்ஸ் எதுவும் வைக்காமல் குனிந்து பார்த்தார்.

"யாரோ தண்ணி விட்டு உறையப் பிரிச்சிருக்காங்க."

இசக்கியப்பன் தாளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"செல்வமா இருக்கும்" என்றார்.

"செல்வம்னா சீட்டு வச்சிருப்பான்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"கட்டுரையோட முதல் பக்கம். புல்லு ஒட்டின தாளோட நம்பர் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்க."

இசக்கியப்பன் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். தாள் நம்பர் மூன்றாவது வரியில் இருந்தது. முதல் வரியில் புல்லின் பெயர் இருந்தது.

சைனோடான் இசக்கியப்பனி.

மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். கீழே ஒரு வரி: புல்லைப் பார்க்கச் சொல்லித்தந்த கண்ணுக்கு.

இந்த உலகத்தில் ஒருவன் தன் பெயரைத் தானே ஒரு செடிக்கு வைத்துக்கொள்ள மாட்டான். வைத்தால் ஊர் சிரிக்கும். இன்னொருவன் மனசு வைத்தால்தான் உண்டு. மரியசெல்வம் வைத்திருந்தான். பின்னால் கூட இல்லை, புல்லின் பெயரிலேயே.

இசக்கியப்பனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்வானேன், அதுதான் வந்தது.

இரண்டாவதாக அந்தச் சிலந்திப்பேன்கள் ஞாபகத்துக்கு வந்தன.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. யாருக்குத் தெரியும்? உறையைப் பிரித்துப் பார்க்கிறவன் இந்த நாட்டில் எத்தனை பேர்? இன்னும் ஐம்பது வருஷம் யாரும் பார்க்காமலே போகலாம். அதுவரை அந்தப் புல் இசக்கியப்பனி. பேரன் பேத்தி பாடப்புத்தகத்தில் படிக்கலாம்.

சனிக்கிழமை வாயை மூடிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. இப்போது அதைவிடப் பெரிய காரணம் வந்துவிட்டது. முதலாவது அவனைக் கவிழ்க்க. இரண்டாவது இவர் உயர. இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருக்க முடியவில்லை.

பக்கத்து அறையில் மரியசெல்வம் செடிகளைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். இவரைக் கண்டான், கையில் இருந்த காகிதத்தையும் கண்டான். வெட்கத்தோடு சிரித்தான்.

"டீச்சர் காட்டிட்டாவளா? அச்சாகி வரட்டும்னுல்ல நெனச்சேன்."

"எதுக்குலே என் பேர வச்ச?"

"வைக்கக் கூடாதாண்ணே?"

"உங்க அம்மா பேர வை. டீச்சர் பேர வை. என் பேரு எதுக்கு?"

மரியசெல்வம் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லு."

"எனக்கு உங்க மேல வயித்தெரிச்சல்ணே."

இசக்கியப்பன் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நின்றார்.

"யார் மேல?"

"உங்க மேலதான். பதினோரு வருசமா. நான் வெயில்ல கெடந்து நூறு புல்லு கொண்டாருவேன். நீங்க உக்காந்த இடத்துல இருந்து ஒண்ண எடுத்து, லேசா உருட்டிப் பாத்து, பேரச் சொல்லிருவிய. டீச்சர் உடனே எழுதிக்கிடுவாவ. நான் சொன்னா மட்டும், அண்ணாச்சிகிட்டக் கேட்டியாம்பாவ. நெசமாச் சொல்லுதேன், ரெண்டு மட்டம் நீங்க காய்ச்சலா லீவு போட்டப்பம் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு."

இசக்கியப்பன் வாயைத் திறந்தார். இந்தப் பயல் இருமியபோது தமக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"பேர வச்சிட்டா தீந்துரும்னு பாத்தேன்" என்றான் மரியசெல்வம்.

"தீந்துச்சா?"

"எங்க தீந்துச்சு? கூடிட்டுண்ணே. இனிமே புல்லு மேலயும் உங்க பேருதான?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுக்கு அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

இசக்கியப்பன் காகிதத்தோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். தம் பெயரை இன்னொரு தடவை பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக் கை பரபரத்தது. தாம் இந்த வாரம் முழுக்க எட்டிப் பார்த்து ஏங்கிய வீட்டுக்காரன், பதினொரு வருஷமாக அந்தப் பக்கம் நின்று தம் வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு டீச்சர் அறைக்குப் போனார்.

"டீச்சர், ஒரு சீட்டு வேணும்."

டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தார்.

இசக்கியப்பன் நின்றபடியே குனிந்து எழுதினார். சைனோடான் டாக்டைலான். அருகு. சிலந்திப்பேன் தாக்கியது. கீழே தம் பெயரை எழுதினார்.

தேதிக்கு வந்ததும் பேனா நின்றது.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்று போட்டால் காரியம் சுத்தமாக முடிந்துவிடும். இன்று காலையில் பார்த்தார், கண்டுபிடித்தார், தம்பியைக் காப்பாற்றினார். தம் பெயரில் வந்த புல்லையே வேண்டாம் என்று சொன்ன மகான் என்று நாலு பேர் பேசுவார்கள். மரியசெல்வம் இன்னும் கொஞ்சம் வயிறெரிவான்.

அந்த நினைப்பு இனித்தது. இந்த நேரத்திலும் இனிக்கிறதே என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"என்ன தேதி போட டீச்சர்?"

"என்னைக் கேட்டா? நானா பாத்தேன்?"

"இன்னைக்கு என்ன தேதி?"

டீச்சர் காலண்டரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தார்.

"சீட்டுல இன்னைக்குத் தேதி எதுக்கு அண்ணாச்சி?"

இசக்கியப்பன் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் தம் வேலையைப் பார்த்தார். ஒரு புல்லை ஒட்டி முடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

கடைசியில் இசக்கியப்பன் சனிக்கிழமைத் தேதியை எழுதினார்.

டீச்சர் அதை வாங்கிப் படித்தார். கூப்பிட்டார்.

"செல்வம், இங்க வா."

மரியசெல்வம் வந்தான். கையில் தூசி. சீட்டை வாங்கினான்.

முதல் வரியைப் படித்ததும் முகம் விழுந்துவிட்டது. மைக்ராஸ்கோப்புக்கு ஓடினான். தாளை வைத்துப் பிரிந்து கிடந்த உறையைப் பார்த்தான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பேனுண்ணே" என்றான். "பேனு பிடிச்ச அருகு. நான் பிரிச்சே பாக்கல."

"ஆமா."

"உங்க பேரும் போச்சேண்ணே."

"போட்டும்."

"ஐயோ, அச்சுக்குப் போயிருந்தா..." என்று தலையில் கைவைத்துக்கொண்டான். "நல்லவேளைண்ணே. எப்பம் பாத்திய?"

இசக்கியப்பன் சீட்டின் கடைசி வரியைக் காட்டினார்.

மரியசெல்வம் கடைசி வரியைப் படித்தான். விரல் விட்டு எண்ணினான். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்.

எண்ணி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க இசக்கியப்பனுக்குக் கஷ்டமாக இருந்தது. குனியாமல் தாங்கினார்.

"ஏண்ணே?"

"நீ எனக்குச் சொன்ன அதே வயித்தெரிச்சல்தான்லே."

டீச்சர் கையில் பிடித்திருந்த புல்லை வைத்துவிட்டார்.

மரியசெல்வம் சீட்டையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். பிறகு பசைப் புட்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினான்.

"இப்பம் தீந்துட்டுண்ணே" என்றான்.